மேடேறிய வீடு

அம்மாவின் வீடு மறுபடியும் மேட்டில் ஏறி உட்கார்ந்திருந்தது. யாஸ்னா வரைபட மென்பொருளைத் திட்டிக்கொண்டே மூடினாள், திரும்பத் திறந்தாள்.

டைரக்ட்எக்ஸா, ஓபன்ஜிஎல்லா, எந்த முறையில் படம் வரையட்டும் என்று அது கேட்டது. இதுவரை டைரக்ட்எக்ஸ். இப்போது ஓபன்ஜிஎல்லை அழுத்தினாள். தகரக் கூரையின் சிவப்பு கொஞ்சம் வெளுத்தது, கடல் கறுத்தது. வீடு மட்டும் அசையவில்லை.

சிலோயே தீவில் அம்மா வீடு எங்கே இருக்கிறதென்று கணினிக்குத் தெரியாமல் போகலாம். அங்கேயே பிறந்தவளுக்குமா? கடலை ஒட்டி, அலை அரிக்கும் மரக்கால்களின் மேல் நிற்கும் பலகை வீடு.

"என்ன யாஸ்னா, காலையிலேர்ந்து அந்தப் பொட்டியோட சண்டை?" பக்கத்து மேசை எலியாசர் வாய் நிறைய உருளைக்கிழங்கு அப்பத்தோடு கேட்டார்.

"கிராஃபிக்ஸ் கோளாறு. புதுசா வந்த சாட்டிலைட் படத்துல எங்க வீட்டைத் தூக்கி முந்நூறு மீட்டர் தள்ளி வெச்சிருக்கு."

"அம்மாவுக்கு ஒரு போன் போட்டுக் கேளேன்."

"எழுபது வயசுல அவங்களுக்கு ஓபன்ஜிஎல் பாடமா? நல்லா சொன்னீங்க போங்க!"

நகராட்சியிலிருந்து தலைநகர் சான்டியாகோவுக்கு வரைபடப் பயிற்சிக்குப் போய்வந்த ஒரே ஆள் அவள். சான்றிதழ் தலைக்கு மேலேயே தொங்கியது.

சிரித்தாளே தவிர, உள்ளே சுருக்கென்றது. அம்மாவிடம் பேசி ஒரு மாதமாகிறது. "சனிக்கிழமை ஊரே வருது, மாடெல்லாம்கூட வருது, நீயும் வாடி" என்று அம்மா கூப்பிட்டிருந்தாள். கிழங்கு வயல் வேலையாக இருக்கும், சேற்றில் யார் நிற்பது? அலுவலகத்தில் வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டாள். வேலை எப்போதும் இருந்தது. அதுதான் அதன் சௌகரியம்.

அதற்குப் பரிகாரமாகத்தான் இந்த வரைபடம். பன்னிரண்டு மணிக்குள் அனுப்பினால், இந்த ஆண்டு குடிநீர்க் குழாய் போகும் வீடுகளில் அம்மா வீடும் சேரும். அம்மா வாளி தூக்க வேண்டியதில்லை. தவறினால் அடுத்த ஆண்டுதான்.

மணி பதினொன்று ஐம்பது. இரண்டு முறைகளும் ஒரே பொய்யைச் சொல்கின்றன என்றால், நிபுணி என்று ஒருத்தி பிறகு எதற்கு? யாஸ்னா வீட்டின் கட்டத்தை மௌசால் பிடித்தாள். மேட்டிலிருந்து இழுத்துக் கடலோரத்தில் வைத்தாள். குழாய்க் கோட்டையும் அங்கேயே கொண்டுபோய் முடித்தாள். விரல்கூட வலித்தது. அனுப்பிவிட்டாள்.

நல்ல மகளாக இருப்பது இவ்வளவு சுலபமா என்று அவளுக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமை ஆறுவதற்குள் போனை எடுத்தாள்.

"அம்மா, இனி உன் வாசலுக்கே தண்ணி வரும்! கம்ப்யூட்டர் உன் வீட்டை மேட்டுல காட்டிச்சு. நான் விடுவேனா? இழுத்துப் பழையபடி கடலோரத்துலயே வெச்சுட்டேன். குழாயும் அங்கதான் வருது."

மறுமுனையில் அம்மா கொதிக்கும் கெட்டிலை டொக்கென்று இறக்கிவைத்தாள்.

"அடிப்பாவி, அந்தச் சனிக்கிழமை ஊரே சேர்ந்து இருபது ஜோடி மாடு பூட்டி மேட்டுக்கு இழுத்த வீடுடி அது!"