நாற்பத்தேழாம் வில்லை

மலாயாவில் கம்யூனிஸ்ட் கெரில்லாக்களை ஒடுக்கிய அவசரகாலத்தில் ரெம்பாவ் பக்கத்து எங்கள் ரப்பர் தோட்ட லய வீடுகளைச் சுற்றி முள்கம்பி வேலி. ரப்பர் மரத்தில் பால்வெட்டப் போகிறவர்கள் கேட்டில் தொங்கும் தங்கள் எண் போட்ட தகர வில்லையை எடுத்துப்போய், திரும்பியதும் அதே ஆணியில் மாட்ட வேண்டும். ஆணி காலி என்றால் ஆள் வெளியே. நான்கு மணிக்குமேல் வெளியே நடமாடினால் பட்டாளத்தார் சுடுவார்கள்.

அன்று கால் பிசகிப் ரப்பர்க் காட்டுப் பள்ளத்தில் கிடந்தேன். என் வில்லை உடன் பால்வெட்டும் நீலாவதியின் முந்தானையில் முடிந்திருந்தது. நான் முன்னாலேயே வந்துவிட்டேன் என்று நினைத்து இரண்டையும் மாட்டிவிட்டாள். மீதியை அவள்தான் சொன்னாள்.

“நாப்பத்தேழு இன்னும் வரல,” என்றார் வில்லைக் கணக்குப் பார்க்கும் கிராணி தேவதாஸ்.

“ஐயா, அது சன்னாசி அண்ணனோடது. செத்து மூணு மாசமாச்சுலா!” என்றாள் நீலாவதி.

“தெரியும்மா. கழட்ட மனசு வரல. காலையில இங்கதான் தொங்குச்சு. யாரு எடுத்துட்டுப் போனது? எல்லாரும் வரிசையா நில்லுங்க.”

பெயர் கூப்பிட்டார். “மங்கம்மா!”

வரிசையில் நான் இல்லை.

“ஐயோ, அவ வில்லைய நான்தானே மாட்டுனேன்!” என்று கத்தினாள் நீலாவதி.

நான்கு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கையில் என்னைத் தேடிப்பிடித்துத் தூக்கிவந்தார்கள்.

மறுநாள் விடிந்ததும் நொண்டிக்கொண்டு போனேன். நாற்பத்தேழு ஆணியில் தொங்கியது.

“இதக் கழட்டிரவாம்மா?” என்றார் கிராணி.

“வேணாங்கய்யா. அண்ணன் நல்லபடியா உள்ள வந்துட்டாரு. இருக்கட்டும்.”

தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். இமையில் ஈரமாக ரப்பர் பால் ஒட்டியது. கேட் இன்னும் திறந்திருக்கவில்லை; யாரும் பால்வெட்டப் போயிருக்கவும் இல்லை.