ஒரே அலை

குடியை விட வைக்க ஞானதுரையை ஆஸ்பத்திரியில் சேர்ப்பது இது நான்காவது முறை. குடும்பத்தில் வருகிறதா என்று பார்க்க டாக்டரம்மா கேட்டதால் அவன் அக்கா புஷ்பராணியும் மூளை அலைப் பரிசோதனைக்குப் படுத்து எழுந்தாள். இருவருடைய தாள்களும் இப்போது மேஜைமேல் அருகருகே கிடந்தன.

"ரெண்டும் ஒரே மாதிரிதாம்மா இருக்கு. உங்க அப்பாகிட்டேருந்து வந்திருக்கலாம். இது இருக்கிற எல்லாரும் குடிக்கிறதில்ல. ஆனா குடிக்கிற ஆசையை அடக்குறது கொஞ்சம் கஷ்டம்."

"ஒரே வயித்துலதானல பொறந்தோம், நான் குடிக்கனா?" என்று இருபது வருடமாகத் தம்பியை ஏசியவள் அவள். பதினாறு வயதில் அப்பாவின் தம்ளரில் மீந்திருந்ததை ஒரு மிடறு குடித்ததும், அது தந்த இதத்துக்குப் பயந்தே பிறகு தொடாததும் அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

வெளியே பெஞ்சில் ஞானதுரை உட்கார்ந்திருந்தான். "என்னக்கா சொன்னாவ?"

"உனக்கும் எனக்கும் ஒண்ணுதானாம்ல."

அவன் நம்பாமல் பார்த்தான். "பின்ன நீ எப்படிக்கா இருந்த?"

"அதாம்ல, அடக்கி அடக்கியே அசந்து போயிட்டேன்" என்று அவன் தோளில் சாய்ந்தாள். குடி நின்ற இரண்டாம் நாள் நடுக்கத்தில் அந்தத் தோள் ஆடிக்கொண்டே இருந்தது. அவள் தலையை எடுக்கவில்லை.