ஜெயித்தவரின் ஐயோ

ஜெயித்தவன் மறுபடியும் "ஐயோ" என்று எழுதினான்.

திரையில் அவன் பெயர் ட்ராய்சே58. மூன்றாவது முறையாக என் காசை வாரிக்கொண்டு, மூன்றாவது ஐயோ. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஞாயிறு மதியம். அடுப்படி மேசையின் ஒரு முனையில் நானும் மடிக்கணினியும். மறுமுனையில் அம்மா சுட்ட குடைமிளகாய்களைத் தோலுரித்துப் பாத்திரத்தில் போட்டுக்கொண்டிருந்தாள். செப்டம்பரில் எங்கள் பிரிலெப் ஊர் முழுக்க இந்த வாசனைதான். ஒரு வாரமாக உரிக்கிறாள். என் விசைப்பலகையில்கூட ஒரு துண்டுத் தோல் காய்ந்து ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டி எறிந்தேன்.

"இன்னும் தீரலையாடி லென்சே?" என்றாள் அம்மா, தலை நிமிராமல்.

"தீராது."

கணக்கில் இருப்பது தீர்ந்தால் இந்தச் சூதாட்டத்தை விட்டுவிடுகிறேன், புதிதாக ஒரு காசு போட மாட்டேன் என்று அவளிடம் சத்தியம் செய்திருந்தேன். சத்தியத்தை மீறவில்லை. தீராமல் பார்த்துக்கொண்டேன், அவ்வளவுதான். போன வியாழக்கிழமை வேலை முடிந்து வந்து பார்த்தபோது கொஞ்சம் கூடியே இருந்தது. தளம் ஏதோ பரிசு போட்டிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

சென்ட் கணக்கில் நடக்கும் சின்ன இணையச் சீட்டு மேசை. கையில் ஐந்து சீட்டு, வேண்டாததைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு எடுக்கலாம். இந்த ஆட்டத்தில் மட்டமான சீட்டு வைத்திருப்பவர்தான் ஜெயிப்பார். இரண்டு, மூன்று, நான்கெல்லாம் தங்கம். ராஜாவும் ராணியும் குப்பை. ஜோடி சேர்ந்தால் அதைவிடக் குப்பை. புதிதாக வருகிறவர்களுக்கு இது மண்டையில் ஏறவே ஏறாது. ராஜா ஜோடியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தோற்பார்கள். அவர்களை வைத்துத்தான் என் ஞாயிற்றுக்கிழமைகள் ஓடின.

பாவம்தான். ஆனால் எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி நான். பட்டம் சுவரில் தொங்குகிறது, நான் சூப்பர் மார்க்கெட்டில் சலாமி இறைச்சி வெட்டுகிறேன். எனக்கு எவன் வந்து விதிகளைச் சொல்லிக்கொடுத்தான்?

இந்த ட்ராய்சேதான் பிடிபடவில்லை. ஒவ்வொரு முறையும் கண்ணை மூடிக்கொண்டு உச்சத் தொகை கட்டினான். ஒருமுறைகூட விலகவில்லை. விவரம் தெரிந்தவன் அப்படிச் செய்ய மாட்டான். ஆனால் கடைசியில் சீட்டைத் திருப்பினால் இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து, ஏழு. இதற்கு மேல் ஒரு கை கிடையாது.

"யோவ் பெருசு, போய் லாட்டரிச் சீட்டு வாங்குய்யா, எங்களை ஏன் சாவடிக்கிற?" என்று எழுதிவிட்டு, எங்களோடு ஆடிய மூன்றாவது ஆள், வேலெஸ் ஊர்க்காரன், ஆட்டத்தை விட்டுப் போனான்.

மிச்சம் நாங்கள் இருவர்.

"ஐயோன்னு போட்டு எவனை ஏமாத்துற?" என்று எழுதினேன்.

பதில் வர நேரமானது. ஒரே விரலால் எழுத்துத் தேடித் தட்டுகிறவர்களின் தாமதம்.

"கோவிச்சுக்காத தம்பி. இது என் வீட்டுக்காரர் கணக்கு. இந்தப் பழக்கத்தை விட வைக்க ஆஸ்பத்திரியில போட்டிருக்கேன். நாளைக்கு வர்றார். அதுக்குள்ள இதைத் தோத்துத் தீர்க்கணும். கார்டை வெட்டிப் போட்டுட்டேன், இது ஒண்ணுதான் மிச்சம்."

நான் ஆண் பெயரில் ஆடுகிறேன். தம்பி என்றதைத் திருத்தவில்லை.

அடுத்தது வந்தது.

"வெளிய எடுத்தா அவர் கைக்குத்தான் போகும். அதான் நல்ல சீட்டையெல்லாம் தூக்கிப் போடுறேன். ராஜா வந்தா ராஜா, ராணி வந்தா ராணி. போடப் போடக் காசு வந்துக்கிட்டே இருக்கு. என்ன பாவம் பண்ணேனோ."

சிரித்துவிட்டேன். சிரிப்பு பாதியில் நின்றது.

"அம்மா, இங்க எல்லாம் தலைகீழ். மட்டமானதுதான் ஜெயிக்கும். ராஜாவை வெச்சுக்குங்க. ஜோடியை விடாதீங்க. சின்னச் சீட்டையெல்லாம் தூக்கிப் போடுங்க" என்று எழுதினேன்.

"அப்படியா? இதை எனக்கு யாருமே சொல்லலையேப்பா."

ஆறே ஆட்டம். ராஜா ஜோடி, ராணி ஜோடி, ஒருமுறை மூன்று ஜாக்கி. ட்ராய்சே58-க்கு எதிரே பூஜ்யம் விழுந்தது.

"போயிடுச்சு" என்று எழுதினாள். "நல்லா இருப்ப."

அந்தப் பெயருக்குப் பக்கத்தில் இருந்த பச்சை விளக்கு அணைந்தது.

அத்தனையும் இப்போது என் பக்கம். எவ்வளவு என்று பார்க்கக் கணக்குப் பக்கத்தைத் திறந்தேன். ஒவ்வொரு நாளும் வந்ததும் போனதும் வரிசையாக இருந்தன. வியாழக்கிழமைக்கு எதிரே பரிசு என்று இல்லை. ஆட்டம் என்று இருந்தது.

தொட்டுத் திறந்தேன்.

மதியம் இரண்டேகால். நான் கடையில் சலாமி வெட்டிக்கொண்டிருந்த நேரம். மடிக்கணினி இதே மேசையில் கிடந்த நேரம்.

பத்தொன்பது ஆட்டங்கள். எல்லாவற்றிலும் உச்சத் தொகை. ஒன்றில்கூட விலகவில்லை. ராஜா வந்த இடத்தில் ராஜா வெளியே. ராணி வந்த இடத்தில் ராணி வெளியே.

நிமிர்ந்து பார்த்தேன். அம்மா கையைத் துணியில் துடைத்துக்கொண்டிருந்தாள். நகக்கண்ணெல்லாம் குடைமிளகாய்ச் சிவப்பு.

"தீர்ந்துச்சாடி?"

மடிக்கணினியை அவள் பக்கம் திருப்பி வைத்தேன்.

"இப்படி வந்து உக்காரும்மா. ராஜாவைத் தூக்கிப் போடக் கூடாது. அதைத்தான் வெச்சுக்கணும்."