பாதி மழித்த முகம்

முடிதிருத்தும் கடை நாற்காலியில் வேட்பாளர் தூங்குகிறார். சிறுபான்மையினர் வாழும் தெருவில் சவரம் செய்துகொள்வதுபோலப் படம் எடுத்துக்கொள்ள வந்தவர். ஒரு கன்னம் முடிவதற்குள் பிரசார அலுப்பில் கண் செருகிவிட்டது. மறு கன்னத்து நுரை காலை வெயிலில் மெல்ல உடைந்து அடங்குகிறது. "எழுப்புங்கண்ணே, அடுத்த தெருவுல காத்திருக்காங்க," என்று கட்சிக்காரர் பரபரக்கிறார். "தூங்குறவர் முகத்துல கத்தி வைக்கிற பழக்கம் இந்தக் கடையில இல்ல தம்பி." கடைக்காரர் துண்டை மடித்து, சாய்ந்த தலைக்கு அண்டக்கொடுக்கிறார். இடஒதுக்கீட்டில் சட்டம் படிக்கும் மகள் கதவோரம் நின்று பொருமுகிறாள். "தாலாட்டும் பாடுங்கப்பா! ஒதுக்கீட்டை எடுத்துருவாங்களான்னு இவரைத்தானே கேக்கணும்? தங்கச்சி அடுத்த வருஷம் காலேஜ் சேர வேண்டாமா?" அந்தக் குரலில் வேட்பாளர் விழித்து, கூச்சத்தோடு எழப்பார்க்கிறார். கடைக்காரரின் ஈரவிரல்கள் அவர் தோளில் மெதுவாகப் படிகின்றன. "பாதி முகத்தோட எங்க போவீங்க ஐயா? உக்காருங்க. எம்பொண்ணு ஏதோ கேக்கணுமாம்." கேமரா உயர்கிறது. வேட்பாளர் அதைக் கையமர்த்திவிட்டு, கண்ணாடிக்குள் அவள் முகத்தைத் தேடுகிறார். அப்பா கிண்ணத்தில் புதிதாக நுரை குழைக்கத் தொடங்குகிறார், அவசரமே இல்லாமல்.