சரிசமம்

அந்த அட்டைப்பெட்டி ஆலையில் புருஷனும் பெண்டாட்டியும் ஒரே இயந்திரத்தின் இரண்டு பக்கமும் நின்று எட்டு மணி நேரம் வேலை பார்த்தார்கள். அவனுக்கு முழுநேரச் சம்பளம். மற்றப் பெண்களைப் போலவே அவள் பெயரையும் பகுதிநேரம் என்று எழுதி, அதில் பாதிக்குக் கொஞ்சம் மேலே கொடுத்தார்கள்.

"இதைச் சும்மா விடக் கூடாது" என்று மனு எழுதிக் கொடுத்ததே அவன்தான். அதை வைத்துக்கொண்டு தொழிலாளர் அலுவலகத்துக்கு மூன்று வருஷம் நடையாய் நடந்தாள் அவள். கூட வேலை செய்த ஆண்கள், "அம்மணி முதலாளி ஆகப் போறாங்க" என்று கேலி பேசினார்கள்.

அன்று மத்தியானம் மேனேஜர் அவளைக் கூப்பிட்டு நாற்காலியில் உட்காரச் சொன்னார்.

"ஜெயிச்சிட்டீங்கம்மா! ஒண்ணாம் தேதியிலேருந்து ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே சம்பளம். இந்த வட்டாரத்துலயே நம்ம ஆலைதான் முதல்ல செய்யுது. மனுவை வாபஸ் வாங்கிக்கிட்டதா இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க."

கண்ணீர் மறைத்தது. எந்த இடம் என்று கேட்டுத்தான் கையெழுத்துப் போட்டாள்.

ஓட்டமும் நடையுமாகத் திரும்பி வந்தாள். இயந்திரம் நின்றிருந்தது. அவன் கையில் ஒரு காகிதம்.

"கேட்டீங்களா? இனிமே உங்களுக்கு என்னவோ அதேதான் எனக்கும்!"

"இப்பதான் ஆம்பளைங்க எங்களையும் கூப்பிட்டுச் சொன்னாங்க."

"அப்புறம் ஏன் மூஞ்சி இப்படி இருக்கு?"

அவன் காகிதத்தை நீட்டினான்.

"பொம்பளைங்களுக்கு ஏத்தலம்மா. எங்களுக்கு எறக்கிட்டாங்க. ஒண்ணாம் தேதியிலேருந்து நாங்களும் பகுதிநேரம்தான்."