நடுங்காத கரண்டி

ஜன்னல் வெயில் சாப்பாட்டு மேசையின் பாதி வரை வந்து நிற்கிறது. மகன் வடிவமைத்த கரண்டியால் அப்பா சூப் குடித்துக்கொண்டிருக்கிறார். கைநடுக்கம் முற்றிய பிறகு, யாரும் ஊட்டாமல் அவராக எடுத்துக் குடிப்பது இன்றுதான். கைப்பிடிக்குள் சின்ன மோட்டார் ஒன்று முனகுகிறது. கை எப்படி ஆடினாலும் கரண்டியின் குழி மட்டும் ஆடுவதில்லை. ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை. அவருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வருகிறது. "இன்னும் கொஞ்சம் ஊத்துடா" என்கிறார். மகன் ஊற்றுகிறான், ஆனால் கரண்டியை வாங்கிக்கொண்டு, சாதாரணக் கரண்டியைத் திணிக்கிறான். "முன்னாடி எப்படிக் கஷ்டப்பட்டீங்கன்னு விளம்பரத்துல காட்டணும்ப்பா. அப்பதான் இதோட அருமை தெரியும்." எதிரே கேமராக்காரர் விளக்கைத் திருப்புகிறார். இன்று பார்த்து, சந்தோஷத்திலோ என்னவோ, கை அவ்வளவாக ஆடவில்லை. முக்கால்வாசி சூப் வாய்க்குள் போய்விடுகிறது. அப்பா பெருமையாக மகனைப் பார்க்கிறார். மகன் உச்சுக் கொட்டுகிறான். "சிந்தவே மாட்டேங்குதே சார்" என்கிறார் கேமராக்காரர். மகன் நாற்காலியை நெருக்கிப் போட்டு உட்கார்ந்து, அப்பாவின் தோளில் கை வைக்கிறான். அவன் குரல் இவ்வளவு கனிந்து அவர் கேட்டதே இல்லை. "அம்மா கடைசியா ஆஸ்பத்திரியில உங்களைப் பார்த்து என்ன சொன்னாங்க? அதை நினைச்சுக்கிட்டே எடுங்கப்பா." கரண்டி கிண்ணத்தின் விளிம்பில் கடகடவென்று அடிக்கத் தொடங்குகிறது. சூப் மேசையில் தெறித்து, சட்டையில் வழிந்து, மடியில் சொட்டுகிறது. "அப்படித்தான்ப்பா," என்கிறான் மகன், "நிறுத்திடாதீங்க."