அக்னி மூலைக் கடல்

கடலுக்கு இனி சொந்த விருப்பம் என்று எதுவும் கிடையாது என்று கடலூரில் அறிவித்தார் பொறியாளர் தேவநாதன். கடலடியில் அவர் வெட்டிய பள்ளத்தாக்கு வழியே ஆழ்கடலின் குளிர்ந்த நீர் கரைக்கு வரும். பின்னாலேயே மத்தி மீனும் வரும்.

ஒரு மாதமாகியும் கரைநீர் ரசம் போலச் சுட்டது. மத்தி எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

"பள்ளத்தோட வாய் அக்னி மூலையில இருக்கு சார், சுடாம என்ன செய்யும்? ஈசானிக்குத் திருப்புங்க. இல்லன்னா வெள்ளிக்கிழமையோட நாங்க ஊரைக் காலி பண்ணிடுவோம்," என்றார் மீனவர் தலைவர் அஞ்சாப்புலி.

"கடலுக்கு வாஸ்துவா? பூஜையறை எங்க வரணும்னும் சொல்லிட்டுப் போங்க."

வெள்ளிக்கிழமை காலை தேவநாதன் கட்டுப்பாட்டு அறையின் கதவைச் சாத்தினார். பள்ளத்தாக்கின் வாயை வடகிழக்கே திருப்பி வெட்ட, கடலடி இயந்திரங்களுக்குக் கட்டளை தட்டினார். பதிவேட்டில் 'நீரோட்டத் திருத்தம்' என்று எழுதினார். பொத்தானை மட்டும் அழுத்தவில்லை. ராகுகாலம் முடிய இன்னும் பதினோரு நிமிடம் இருந்தது.